ஆற்றுக்கு அடியில் ஓர் ஆறு

மணல் ஆற்றில் ஊற்றுத் தோண்டியவர்களுக்குத் தெரியும்: கண்ணுக்குத் தெரியும் ஓட்டத்துக்குக் கீழே இன்னொரு நீர் இருக்கிறது. கறுப்பு ஈக்கள் என்ற பூச்சிக் குடும்பத்தின் வரலாறு அந்த நீரில்தான் ஒளிந்திருந்தது.

கறுப்பு ஈக்களில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. ஆப்பிரிக்காவில் பார்வையைப் பறிக்கும் ஆற்றுக்குருட்டு நோயைப் பரப்புபவை இவற்றில் சிமுலியம் என்ற பேரினத்தைச் சேர்ந்தவை. 1914இல் மல்லோக் என்ற பூச்சியியலாளர், வட கலிஃபோர்னியாவில் கிடைத்த ஓர் ஈ எந்தப் பேரினத்திலும் அடங்காததைக் கண்டார். அதற்கெனப் புதிய பேரினம் வகுத்து, ‘பாராசிமுலியம்’ என்று பெயரிட்டார். கிரேக்கத்தில் ‘பாரா’ என்றால் ‘பக்கத்தில்’ என்று பொருள்.

இந்தப் பேரினத்தில் அறியப்பட்டவை நான்கே இனங்கள். எல்லாம் வட அமெரிக்காவின் பசிபிக் கரையோரத்தவை. நெடுங்காலம் ஆண் ஈக்கள் மட்டுமே கிடைத்தன. ஈக்களை வகைப்படுத்த அது போதாது. கறுப்பு ஈயின் புழு ஓடும் நீரில் கல்லைப் பற்றிக்கொண்டு, தலையிலுள்ள விசிறிகளால் இரையை வடிகட்டி வளரும். உறவுமுறையைச் சொல்லும் அடையாளங்கள் பல அந்தப் புழுவிலும் கூட்டுப்புழுவிலும்தான் இருக்கின்றன. பாராசிமுலியத்தின் புழுவோ எந்தக் கல்லிலும் இல்லை.

1982இல் உட், போர்கென்ட் என்ற இருவர் பெண் ஈயை விவரித்தார்கள். அதன் வாய் இரத்தம் குடிப்பதற்கு ஏற்றதல்ல. 1986இல் கிரெகரி கோர்ட்னி புழுவைக் கண்டுபிடித்தார். அது ஓடைப்படுகைக்கு அடியில், சரளைக் கற்களின் இடுக்கில் ஊர்ந்தோடும் இருண்ட நீரில் வாழ்ந்துகொண்டிருந்தது. பெயர் வைத்து 72 ஆண்டுகள் ஆகியிருந்தன.

இன்று கறுப்பு ஈக் குடும்பத்தை இரண்டு துணைக்குடும்பங்களாகப் பிரிக்கிறார்கள். ஒன்றில் பாராசிமுலியம் மட்டும். மற்ற அத்தனை பேரினங்களும் இன்னொன்றில். குடும்ப மரத்தில் முதலில் பிரிந்த கிளை இது. அதற்காக இதை மற்ற ஈக்களின் பாட்டன் என்று எண்ணிவிடக் கூடாது. ஒரே பாட்டன் வழியில் முதலிலேயே தனிக்குடித்தனம் போன பங்காளி இது. பங்காளிகள் இரு தரப்பையும் ஒப்பிட்டால்தான் பாட்டனின் சாயலை ஓரளவு ஊகிக்க முடியும். இந்த ஒரு கிளை அற்றுப்போனால் அந்த ஒப்பீட்டுக்கே வழியில்லை.

நான்கு இனங்கள்தானே என்று கணக்குப் பார்க்கலாகாது. சரளையை அள்ளினாலும், வண்டல் வந்து கற்களின் இடுக்கை அடைத்தாலும், முதலில் மூச்சுத் திணறுவது அடியில் ஓடும் அந்த ஆறுதான். ஓடையைக் காப்பதென்றால் அதன் படுகையையும் சேர்த்தே காக்க வேண்டும்.