கருணீகர் தெருவில் ஒரு க்ளிக்!

ஆதம்பாக்கம் கருணீகர் தெருவில் ஒருவர், தான் யார் என்பதை மறைத்து இணையத்தில் உலாவ உதவும் டோர் பிரவுசரைத் திறந்து ஒரு லிங்க்கைத் தட்டுகிறார். பக்கம் வந்துவிடுகிறது. வெளியே தெரிவது அவ்வளவுதான். வாங்க, திரைக்குப் பின்னால் எட்டிப் பார்ப்போம். அங்கே ஒரு படையே ஓடிக்கொண்டிருக்கிறது!

நாம் கேட்டது மூன்று 'நோடு'கள் (இடையில் நிற்கும் கணினிகள்) வழியாகப் போகிறது. வாசலில் நிற்பது 'கார்டு' நோடு. அதற்கு நம் ஐ.பி. முகவரி தெரியும், நாம் போகும் தளம் தெரியாது. நடுவில் 'மிடில்'. அதற்கு முன்னால் இருப்பதும் பின்னால் இருப்பதும்தான் தெரியும். கடைசியில் 'எக்ஸிட்'. அதற்குத் தளம் தெரியும். கேட்டது யார் என்று தெரியவே தெரியாது! உறைக்குள் உறை போட்டு ஒட்டிய கடிதம்போல, ஆளுக்கு ஓர் உறையைப் பிரித்து அடுத்தவரிடம் தள்ளிவிடுகிறார்கள். 1990களில் இதை யோசித்தது அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடம் என்றால் நம்புவீர்களா?

எனக்கு மிகவும் பிடித்த இடம் இன்னும் உள்ளே இருக்கிறது. 'டைரக்டரி அதாரிட்டி' என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சில சர்வர்கள். மணிக்கொரு முறை ஓட்டுப் போட்டு, எந்த நோடுகளை நம்பலாம் என்று பட்டியல் வெளியிடுகின்றன. ஒவ்வொரு மணி நேரமும் தேர்தல்! புதிதாகச் சேரும் நோடுக்கு எடுத்தவுடன் கார்டு பதவி கிடையாது. வேகத்தை அளப்பார்கள், நிலையாக ஓடுகிறதா என்று ஒரு வாரத்துக்கு மேல் பார்ப்பார்கள்.

டோர் நோடு நடத்துகிறவருக்கு டோர் காசு தராது. ஆனால் மிஸ்டீரியம் என்ற பரவலாக்கப்பட்ட விபிஎன்னில் (நம் ஐ.பி.யை மறைத்து இணையத்தோடு இணைக்கும் சேவை) வீட்டு இணைப்பையே வாடகைக்கு விட்டு டோக்கன் வாங்கலாம். கோலெம் வலையில் கம்ப்யூட்டரின் உழைப்பே வாடகைக்குப் போகிறது: வேலை கொடுப்பது 'ரிக்வெஸ்டர்', செய்து தருவது 'ப்ரொவைடர்'.

இதெல்லாம் நமக்கெதற்கு? 2022 ஏப்ரல் 28 அன்று இந்திய அரசின் இணையப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் ஓர் உத்தரவு போட்டது. விபிஎன் நிறுவனங்கள் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஐ.பி. விவரங்களை 5 ஆண்டு வைத்திருக்க வேண்டும். எக்ஸ்பிரஸ் விபிஎன், சர்ஃப்ஷார்க் போன்றவை இந்திய சர்வர்களையே எடுத்துவிட்டன. ஒரே நிறுவனத்திடம் எல்லாம் இருந்தால், அதனிடம் கேட்டால் போதும். நோடுகளாகப் பிரித்துவிட்டால் முழுக்கதை எந்த ஒரு நோடிடமும் இருக்காது. அதனால்தான் இந்த ஏற்பாட்டின்மேல் எனக்கு இத்தனை காதல்.

நீங்களும் ஒரு டோர் நோடு நடத்த ஆசை வந்துவிட்டதா? வீட்டு இணைப்பில் எக்ஸிட் மட்டும் வேண்டாம். யாரோ செய்த தப்புக்குப் புகார் உங்கள் முகவரிக்கு வரும். 'ஸ்னோஃபிளேக்' எக்ஸ்டென்ஷனைப் பிரவுசரில் போடுங்கள். இணையத் தடை உள்ள நாட்டில் இருப்பவர் உங்கள் வழியாக டோருக்குள் நுழைவார். அவர் பார்க்கும் தளத்துக்கு உங்கள் ஐ.பி. தெரியாது.