வக்கீல்களுக்கு நடக்கும் சட்ட வகுப்புகள்: வணிகர்கள் அறிய வேண்டியவை



நாம் பருப்பு, மிளகாய் வற்றல் மொத்த வியாபாரத்தில் நாற்பது ஆண்டுகளாக இருக்கிறோம். இத்தனை காலத்தில் கோர்ட் வாசலை மிதித்தது ஏழெட்டுத் தடவைதான். அதில் ஒரு தடவை பட்ட நஷ்டத்துக்குச் சரக்கு வாங்கியவரை மட்டும் குறை சொல்ல முடியாது. மூன்று மாதம் முன்னால் வந்த ஒரு தீர்ப்பு நம் வக்கீலுக்குத் தெரியாமல் போனதே பெரிய காரணம்.

அது 2014 நவம்பர். கர்நாடகத்தில் உள்ள ஒரு கடைக்காரர் 3,60,000 ரூபாய்க்குக் கொடுத்த செக் பணமில்லை என்று திரும்பி வந்தது. நம் வக்கீல் நம் தகப்பனார் காலத்துப் பழக்கம். நாணயமானவர், பீஸ் விஷயத்திலும் நியாயமானவர். முறைப்படி நோட்டீஸ் அனுப்பினார், 15 நாள் பார்த்தார், பணம் வராததால் நம் ஊர் நீதிமன்றத்திலேயே புகார் போட்டார். அதற்கு முன்பெல்லாம் அப்படித்தான் போட்டு வந்தோம். ஆனால் அந்த ஆண்டு ஆகஸ்ட் 1-ந் தேதி, தஷ்ரத் ரூப்சிங் ராத்தோட் என்பவரின் வழக்கில் உச்ச நீதிமன்றம் வேறு விதமாகச் சொல்லிவிட்டது. செக் கொடுத்தவரின் வங்கிக் கிளை எந்த ஊரில் இருக்கிறதோ, அந்த ஊர் நீதிமன்றத்தில்தான் புகார் போட வேண்டும் என்பது தீர்ப்பு. நம் புகார் அப்படியே திரும்பி வந்தது.

மொழி தெரியாத ஊரில் புதிதாக ஒரு வக்கீலைப் பிடித்து, ஒவ்வொரு வாய்தாவுக்கும் கடையை விட்டு ரயில் ஏறி, கடைசியில் 2015 ஏப்ரலில் பாதித் தொகைக்கு ராசியாகிவிட்டோம். அடுத்த இரண்டு மாதத்தில், ஜூன் மாதம், மத்திய அரசு அவசரச் சட்டம் கொண்டு வந்தது. செக்கை வசூலுக்குப் போடும் நம் வங்கிக் கணக்கு எந்த ஊரோ அந்த ஊரிலேயே வழக்குப் போடலாம் என்று ஆயிற்று. நமக்கு அது கை கழுவின பிறகு வந்த சாப்பாடு.

இதில் நம் மனத்தில் நின்றது வேறு ஒன்று. எல்லாம் முடிந்த பிறகு அந்த வக்கீலின் ஜூனியர் தம்பி ஒருநாள் கடைக்கு வந்தார். "அண்ணாச்சி, அந்தத் தீர்ப்பைப் பற்றி செப்டம்பர் மாதமே வக்கீல் சங்கத்தில் ஒரு வகுப்பு நடந்தது. நான் போயிருந்தேன். சீனியர் புகார் தயார் பண்ணும்போது சொல்ல வாய் வந்தது, தைரியம் வரவில்லை" என்றார். வக்கீல்களுக்கு வகுப்பு நடக்கிறது என்பதே அன்றுதான் நமக்குத் தெரியும்.

இதற்குத் தொடர் சட்டக் கல்வி என்று பெயர். சட்டப் படிப்பு முடித்து, பார் கவுன்சிலில் பதிவு செய்து, 2010 முதல் நடைமுறைக்கு வந்த அகில இந்திய பார் தேர்விலும் தேறிவிட்டால் வக்கீல் தொழில் செய்யத் தடையில்லை. அதற்குப் பிறகு அவர் புத்தகத்தைத் திறந்தாரா என்று கேட்பவர் யாரும் இல்லை. 1961-ம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டம், கருத்தரங்குகளும் சட்டப் பேச்சுகளும் நடத்துவதை பார் கவுன்சிலின் வேலைகளில் ஒன்றாகச் சொல்கிறது. ஆனால் ஒரு வக்கீல் ஆண்டுக்கு இத்தனை மணி நேரம் வகுப்பில் உட்கார வேண்டும் என்று அந்தச் சட்டத்தில் இல்லை.

நம் ஆடிட்டரின் கதை அப்படியல்ல. தொழில் செய்யும் சார்ட்டர்ட் அக்கவுண்டண்ட் மூன்றாண்டுக்கு 120 மணி நேரம் தொடர் கல்வி காட்டியாக வேண்டும் என்பது அவர்கள் கழகத்தின் விதி. டாக்டர்களுக்கு 2002-ம் ஆண்டு நெறிமுறை விதிகளிலேயே ஐந்தாண்டுக்கு 30 மணி நேரம் என்று எழுதப்பட்டது. அமெரிக்காவில் மின்னசோட்டா, அயோவா மாநிலங்கள் 1975-லேயே வக்கீல்களுக்கு இதைக் கட்டாயம் ஆக்கின. மின்னசோட்டாவில் மூன்றாண்டுக்கு 45 மணி நேரம், நியூயார்க்கில் இரண்டாண்டுக்கு 24 மணி நேரம் என்று கணக்கு. இங்கிலாந்தில் மட்டும் சொலிசிட்டர்களுக்கு மணிக்கணக்குப் பார்ப்பதை 2016-ல் விட்டுவிட்டு, தேவையானதைத் தானே படித்துக்கொண்டதாக அவரவர் உறுதி சொன்னால் போதும் என்று மாற்றினார்கள். மணி நேரத்தை எண்ணினால் நாற்காலிதான் நிறையும் என்று நினைத்தார்கள் போலும். அதுவும் உண்மைதான்.

நம் ஊரில் வகுப்பு எப்படி நடக்கிறது என்று பார்க்க அந்தத் தம்பியோடு ஒருமுறை போய்ப் பின் வரிசையில் உட்கார்ந்தோம். கோர்ட் முடிந்த பிறகு மாலை ஐந்து மணிக்கு மேல், வக்கீல் சங்கக் கட்டடத்தில். ஓய்வு பெற்ற ஒரு நீதிபதி பேசினார். முதல் அரை மணி நேரம் பொன்னாடையிலும் வரவேற்புரையிலும் போயிற்று. இந்த வியாதி நம் சங்கக் கூட்டங்களிலும் உண்டு என்பதால் குறை சொல்லவில்லை. பிறகு அவர் ஒரே ஒரு சட்டப் பிரிவை எடுத்தார். அதன் வாசகத்தை வரி வரியாகப் படித்து, எந்தச் சொல்லுக்கு எந்தத் தீர்ப்பில் என்ன அர்த்தம் சொன்னார்கள் என்று விளக்கினார். அதன் பின்னர் வந்த கேள்விகள்தான் சரக்கு. "என் கட்சிக்காரர் இப்படிச் செய்துவிட்டார், இனி என்ன வழி?" என்று ஒருவர் பின் ஒருவராகக் கேட்டார்கள். நாற்பது பேர் வந்திருந்தால் முப்பது பேர் இளையவர்கள். தலை நரைத்தவர்கள் குறைவு.

ஒரே சட்டத்தில் எத்தனை மாற்றம் வரும் என்று நினைக்கும் அங்கத்தினர்கள், நமக்கெல்லாம் பழக்கமான செக் வழக்கையே எடுத்துக்கொள்ளலாம். மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 138-வது பிரிவு 1989 ஏப்ரல் முதல் இருக்கிறது. தொடக்கத்தில் செக் திரும்பிய 15 நாளுக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். 2003 பிப்ரவரியில் அது 30 நாளாக ஆனது, தண்டனை ஓராண்டிலிருந்து இரண்டாண்டாக உயர்ந்தது. ஆறு மாதம் செல்லுபடியான செக் 2012 ஏப்ரல் முதல் மூன்று மாதம்தான் என்று ரிசர்வ் வங்கி மாற்றியது. 2014, 2015 கதையை மேலே சொல்லிவிட்டோம். 2018 செப்டம்பர் முதல், எதிரி குற்றத்தை மறுத்தாலும் செக் தொகையில் 20 சதவீதம் வரை இடைக்கால நஷ்டஈடு கட்டும்படி நீதிமன்றம் உத்தரவிடலாம். இது கேட்டால்தான் கிடைக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். கேட்காத வக்கீல்கள் இருக்கிறார்கள். 2024 ஜூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டம் போய், புதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்தது. அதன்படி தனியார் புகாரை நீதிமன்றம் ஏற்கும் முன்பே எதிரியைக் கேட்க வேண்டுமா என்று குழப்பம் எழுந்தது. செக் வழக்குக்கு அந்தக் கட்டத்தில் சம்மன் தேவையில்லை என்று 2025 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியது. 1990-ல் கற்றதை வைத்துக்கொண்டு இந்த வழக்கை இன்று ஒருவர் நடத்த முடியுமா?

அதைவிடவும் நம்மைத் தொடுவது சாட்சியச் சட்டம். இன்று எத்தனை பேர் ஆர்டரைத் துண்டுச் சீட்டில் எழுதி வாங்குகிறோம்? "பத்து மூட்டை துவரை அனுப்புங்க" என்று வாட்ஸ்அப்பில் வருகிறது, சரக்கு போகிறது. பேரேடும் கம்ப்யூட்டரில்தான். பாக்கிக்காரர் நாளை "நான் ஆர்டரே கொடுக்கவில்லை" என்றால் அந்தச் செய்தியை அச்சடித்து நீட்டினால் போதாது. அந்தக் கருவி யார் பொறுப்பில் இருந்தது, பதிவு எப்படி எடுக்கப்பட்டது என்று சான்றிதழ் வேண்டும். போன் முதலிய மூலக் கருவியை அதன் சொந்தக்காரரே நேரில் கொண்டு வந்து காட்டினால் ஒழிய இந்தச் சான்று கட்டாயம் என்று 2020 ஜூலையில் உச்ச நீதிமன்றம் உறுதிப்படுத்தியது. 2024 ஜூலை முதல் பழைய 1872-ம் ஆண்டுச் சாட்சியச் சட்டத்துக்குப் பதில் பாரதிய சாக்ஷ்ய அதிநியம் வந்திருக்கிறது. அதன் 63-வது பிரிவின்படி சான்றிதழ் இரண்டு பாகம். முதல் பாகத்தில் நாம் கையெழுத்துப் போட வேண்டும், இரண்டாம் பாகத்தில் நிபுணர் ஒருவர் போட வேண்டும். பழைய நமூனாவையே வக்கீல் தாக்கல் செய்துவிட்டால், எதிர்த்தரப்பு வக்கீல் முதல் வேலையாக அதைத்தான் பிடிப்பார். போன் மாற்றும்போது பழைய போனைத் தூக்கிப் போடாதீர்கள் என்று அந்த வகுப்பில் சொன்னதையும் நம்மவர்கள் குறித்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. வணிகர்களுக்குள் சரக்குப் பாக்கி 3 லட்சம் ரூபாய் அல்லது அதற்கு மேல் என்றால் அது 2018 திருத்தத்துக்குப் பிறகு வணிக நீதிமன்றச் சட்டத்தின் கீழ் வருகிறது. அவசரத் தடையுத்தரவு எதுவும் கேட்காத வழக்கானால், முதலில் சமரச மையத்துக்குப் போய்விட்டுத்தான் பிராது போட முடியும். போகாமல் போட்ட பிராதைத் தள்ளிவிட வேண்டியதுதான் என்று 2022 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. பாக்கி வசூலுக்குக் காலவரம்பு மூன்று ஆண்டு. "பார்க்கலாம், பழகினவர்" என்று இரண்டே முக்கால் ஆண்டு ஓட்டிவிட்டு வக்கீலிடம் போகும் பழக்கம் நமக்கு உண்டு. அந்த நிலையில் பிராது தள்ளுபடி ஆனால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள்.

வக்கீலிடம் "நீங்கள் வகுப்புக்குப் போகிறீர்களா?" என்று நேராகக் கேட்டால் முகம் சுளிப்பார். நாம் கேட்கும் முறை வேறு. "ஐயா, இந்த மாதிரி வழக்கில் அண்மையில் ஏதாவது மாற்றம் வந்திருக்கிறதா? கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்கள், அடுத்த வாரம் வருகிறோம்" என்போம். படிப்பவர் உடனே தேதியோடு சொல்லுவார். இல்லாதவரும் அடுத்த வாரத்துக்குள் பார்த்து வைப்பார். ஜூனியர் உட்கார்ந்திருந்தால் அவரையும் பார்த்தே பேசுவோம். அன்று அந்தத் தம்பியிடம் நாம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் 1,80,000 ரூபாய் மிச்சம். அவர் இப்போது தனியாகத் தொழில் செய்கிறார், நம் கடை வழக்குகள் அவரிடம்தான். பழைய வக்கீல் ஐயாவோடு நமக்கு மனத்தாங்கல் இல்லை. பொங்கலுக்கு இன்றும் வெல்லம் போகிறது.

சென்ற மாதக் கமிட்டிக் கூட்டத்தில் இதைப் பேசினோம். நம் சங்கக் கட்டடத்தின் மாடி சனிக்கிழமை மாலைகளில் காலியாகத்தான் கிடக்கிறது. வக்கீல் சங்கம் வணிகச் சட்டம் பற்றி வகுப்பு நடத்தினால் மாடியையும் டீச் செலவையும் நாம் ஏற்றுக்கொள்வது, நம் அங்கத்தினர்கள் பின் வரிசையில் உட்கார அனுமதி கேட்பது என்று முடிவாயிற்று. முதல் வகுப்புக்கு வாட்ஸ்அப் ஆர்டரும் கம்ப்யூட்டர் பேரேடும் பொருளாக இருக்கட்டும் என்று கேட்டிருக்கிறோம். நிஜமான மாதிரி இருந்தால் பேசுபவருக்கு வசதி. திரும்பி வந்த செக்கின் நகல், வங்கி மெமோ, ஆர்டர் செய்தியின் அச்சுப்பிரதி, லாரி ரசீது ஆகியவற்றைத் தர விரும்பும் அங்கத்தினர்கள், இரு தரப்புப் பெயரையும் மையால் அடித்துவிட்டு, 25-ந் தேதிக்குள் சங்க அலுவலகத்தில் மானேஜரிடம் கொடுக்கலாம்.