பேட்டரியின் மூன்று அளவுகள்

பழவேற்காடு ஏரிக்கரையிலுள்ள மீனவர் கிராமங்களில் விடியற்காலையில் கரையேறும் இறாலும் நண்டும் மீனும், வெயில் ஏறுமுன் பொன்னேரிக்கோ, ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சென்னைக்கோ சென்று சேர்ந்தாக வேண்டும். ஐஸ் இட்ட பெட்டிகளை ஏற்றிக்கொண்டு நிற்கும் வண்டி அவ்வேளையில் கிளம்ப மறுத்தால், ஐஸ் உருகுவதோடு அன்றைய உழைப்பின் விலையும் உருகிப்போகிறது. கடலில் இருக்கும் படகின் விளக்கும் வி.எச்.எப். வானொலிக் கருவியும் அணைந்துவிட்டாலோ, நட்டம் பணத்தோடு நிற்பதில்லை.

இத்தகைய வேளைகளில் பெரும்பாலோர் செய்வது ஒன்றுதான்: பழைய பேட்டரியைக் கழற்றிவிட்டுப் புதியதை வாங்கி மாட்டுவது. சில வாரங்களில் புதியதும் படுத்துவிடுகிறது. குற்றம் பேட்டரியில் இல்லாமல், அதற்கு மின்சாரம் ஊட்டும் அமைப்பில் இருந்திருக்கலாம். குற்றம் எங்கே என்பதை அறிய, எளிய மின்னளவு மீட்டர் ஒன்றும், முறையாக எடுக்கப்படும் மூன்று அளவுகளுமே போதும். அவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

பேட்டரியின் உள்ளே நிகழ்வது

வண்டிகளில் இன்றும் பெருவழக்காக உள்ள ஈய-அமிலப் பேட்டரி, பிரான்ஸ் நாட்டு விஞ்ஞானி காஸ்தோன் பிளான்டே என்பவரால் 1859ஆம் ஆண்டில் உருவாக்கப்பட்டது. 12 வோல்ட் பேட்டரிக்குள் ஆறு அறைகள் உண்டு. ஒவ்வொன்றிலும் ஈயத் தகடுகளும், ஈய ஆக்ஸைடு பூசிய தகடுகளும், நீர் கலந்த கந்தக அமிலமும் இருக்கின்றன. முழுமையாக மின்னூட்டம் பெற்ற அறை ஒன்று ஏறத்தாழ 2.1 வோல்ட் தரும். ஆறும் சேர்ந்தால் 12.6 வோல்ட். மின்சாரம் செலவாகும்போது இருவகைத் தகடுகளிலும் ஈய சல்பேட்டு படிகிறது. மீண்டும் மின்னூட்டினால் அது கரைந்துபோகும். மின்னூட்டாமல் நாட்கணக்கில் விட்டுவைத்தால் இறுகி, தகட்டைப் பயனற்றதாக்கிவிடும். ஆதலின் காலியான பேட்டரியை மூலையில் போட்டுவைப்பது அதன் ஆயுளை நாமே குறைப்பதாகும்.

இனி, மின்னூட்டும் அமைப்பைக் காண்போம். பழவேற்காட்டு ஏரியில் வழங்கிவரும் பாடு முறையை அங்கத்தினர்கள் அறிவார்கள். ஒரு சாராரின் முறை முடிந்ததும் மீன்பிடிக்கும் இடம் அடுத்தவர் முறைக்குச் செல்லும். வண்டியிலும் அத்தகைய பாடு உண்டு. இயந்திரத்தைக் கிளப்பும் வரை பாடு பேட்டரியுடையது. இயந்திரம் ஓடத் தொடங்கியதும் பாடு ஆல்டர்னேட்டர் எனப்படும் மின்னாக்கிக்கு மாறுகிறது. பெல்ட்டினால் சுழலும் அம்மின்னாக்கியே அப்போது விளக்குக்கும் பிறவற்றுக்கும் மின்சாரம் தருகிறது. பேட்டரி செலவழித்ததையும் ஈடுசெய்கிறது. இம்முறை மாறாவிட்டால் பேட்டரி ஓயாது செலவு செய்து சோர்ந்துவிடும்.

முதல் அளவு: ஓய்வு நிலை

இரவு முழுதும் நின்ற வண்டியில், காலையில் எதையும் இயக்குமுன் இதை எடுக்க வேண்டும். மீட்டரை நேர்மின்னோட்டத்தில் 20 வோல்ட் எல்லைக்குத் திருப்பி, சிவப்புக் கம்பியைப் பேட்டரியின் நேர்முனையிலும் கருப்புக் கம்பியை எதிர்முனையிலும் வைக்கவும். 12.6 வோல்ட்டும் அதற்கு மேலும் முழு நிலை, 12.4 முக்கால், 12.2 பாதி; 12.0 கால் அளவே. மின்னூட்டிய பின்னும் 10.5 அளவில் நின்றால், ஓர் அறை பழுதுற்றிருக்கக்கூடும். வண்டி ஓடி நின்றவுடனே அளந்தால் உண்மைக்கு மேலான எண் தோன்றும், அதை நம்பலாகாது.

இரண்டாம் அளவு: கிளப்பும் நிலை

ஒருவர் சாவியைத் திருப்ப, மற்றொருவர் மீட்டரைக் கவனிக்க வேண்டும். அந்தச் சில விநாடிகளில் அளவு இறங்குவது இயல்பு, ஆயினும் 9.6 வோல்ட்டுக்குக் கீழே போகலாகாது. ஓய்வில் 12.6 காட்டும் கிழட்டுப் பேட்டரி இச்சோதனையில் 8க்கும் விழுவதுண்டு. ஆதலின் முதல் அளவை மட்டும் கொண்டு தீர்ப்புக் கூறுதல் தகாது.

மூன்றாம் அளவு: ஓடும் நிலை

இயந்திரம் சற்று வேகமாக ஓடும்போது 13.8 முதல் 14.5 வோல்ட் வரை காட்டினால் மின்னாக்கி தன் கடமையைச் செய்கிறது. முகப்பு விளக்கை ஏற்றிய பின்னும் 13.5 அளவுக்குக் கீழே போகாதிருத்தல் நலம். ஓய்வு நிலையில் கண்ட எண்ணே இப்போதும் தோன்றினால் மின்னூட்டம் நடைபெறவில்லை என்பது தெளிவு. 15 வோல்ட்டைத் தாண்டினாலோ, கட்டுப்படுத்தும் ரெகுலேட்டர் பழுது. பேட்டரியின் நீர் கொதித்து வற்றிவிடும். அண்மைக்கால வண்டிகள் சிலவற்றில் மின்னணுக் கட்டுப்பாடு தானே அளவைச் சிறிது குறைத்து வைப்பதுண்டு. அவற்றில் விளக்கை ஏற்றிவிட்டுப் பார்த்தே முடிவு செய்க. 24 வோல்ட் லாரிகளுக்கு எல்லா எண்களையும் இரட்டித்துக்கொள்ளலாம்.

மூன்றையும் சேர்த்துப் படித்தல்

ஓய்வில் 12.1, ஓடும்போதும் 12.1 எனில், புதுப் பேட்டரி வாங்குவது வீண். பெல்ட் தளர்ந்துள்ளதா, கம்பி அறுந்துள்ளதா, மின்னாக்கி பழுதா என்று பார்க்கச் செய்ய வேண்டும்.

ஓய்வில் 12.6, ஓடும்போது 14.2, கிளப்பும்போது மட்டும் 8.5 எனில், பேட்டரி மூப்படைந்துவிட்டது. இங்கே செலவு நியாயமானது.

ஓடும்போது 14.2, மறுநாள் காலையில் 12.0 எனில், இரவில் ஏதோ ஒன்று மின்சாரத்தை உறிஞ்சுகிறது, அல்லது பேட்டரியே தேக்கி வைக்கும் திறனை இழந்துள்ளது. பேட்டரியை முழுமையாக மின்னூட்டி, சில மணி நேரம் ஆறவிட்டு அளந்து குறித்தபின், எதிர்முனைக் கம்பியைக் கழற்றி ஓர் இரவு வைக்கவும். காலையில் அளவு குறையாதிருந்தால் குற்றம் வண்டியின் கம்பிகளிலோ கருவிகளிலோ உள்ளது. குறைந்தால் பேட்டரியில் உள்ளது.

உப்புக் காற்றின் வேலை

ஏரிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஊர்களில் வேறொரு பகை உண்டு, அது உப்பு. முனைகளில் வெள்ளையும் பச்சையுமாகப் பூக்கும் படிவு மின்சாரத்தைத் தடுக்கும். பேட்டரியின் முனையில் நல்ல அளவும், அதைக் கவ்வும் பிடியில் குறைந்த அளவும் காணப்பட்டால், பழுது பேட்டரியில் இல்லை, அழுக்கில் உள்ளது. சமையல் சோடா கலந்த வெந்நீரால் முனைகளைக் கழுவித் துடைத்து, இறுக முடுக்கி, வாசலின் தடவ வேண்டும். அப்போது அறைகளுக்குள் சோடா நீர் புகலாகாது. வண்டியின் உடலுக்குச் செல்லும் எர்த் கம்பியையும் மறவாது பார்க்கவும். மூடி திறக்கும் பேட்டரிகளில் காய்ச்சி வடித்த நீரையே ஊற்ற வேண்டும். கிணற்று நீரின் உப்பு தகடுகளைக் கெடுக்கும்.

படகுகளுக்கு ஒரு சொல். கையால் சுழற்றிக் கிளப்பும் இயந்திரங்கள் பலவற்றில் மின்னூட்டும் அமைப்பே இராது. அவற்றில் விளக்குக்கும் ஜி.பி.எஸ். கருவிக்கும் கரையில் மின்னூட்டிய பேட்டரியே துணை. அதை 12.4க்குக் குறைவான அளவில் கடலுக்கு எடுத்துச் செல்லாதிருத்தல் வேண்டும்.

எச்சரிக்கையும் அவசியம். மின்னூட்டம் பெறும் பேட்டரியிலிருந்து எளிதில் தீப்பற்றும் ஹைட்ரஜன் வாயு வெளிப்படும். அருகில் பீடியோ தீக்குச்சியோ கூடாது. கழற்றும்போது எதிர்முனையை முதலிலும், மாட்டும்போது அதைக் கடைசியிலும் தொடவும். இயந்திரம் ஓடும்போது பேட்டரிக் கம்பியைக் கழற்றினால் மின்னாக்கி கெட்டுவிடும்.

சங்கங்கள் செய்யத்தக்கது

இவை மீனவர் சங்கங்களுக்கு மட்டும் உரியன அல்ல. நூலும் துணியும் சுமக்கும் நெசவாளர் சங்க வண்டிக்கும், உழவரின் டிராக்டருக்கும் இதே கணக்குத்தான். 1613இல் டச்சுக்காரர் ஜெல்டிரியா கோட்டை கட்டித் துணி வணிகம் நடத்திய துறைமுகமே பழவேற்காடு. சரக்கு எதுவாயினும், அது குறித்த காலத்தில் சென்று சேர்ந்தால்தான் விலை பெறும்.

ஆகவே ஒவ்வொரு சங்கமும் ஒரு மீட்டர் வாங்கி, மாதம் ஒருமுறை மூன்று அளவுகளையும் வண்டியின் பதிவேட்டில் குறித்து வருவது நன்று. சில மாதக் குறிப்புகளை ஒருங்கே பார்த்தால், வண்டி நின்றுபோகுமுன்னரே வீழ்ச்சி தெரியவரும். மூன்று அளவுகளும் எழுதப்படாத புதுப் பேட்டரிப் பட்டியலுக்கு நிர்வாகக் குழு அனுமதி அளிப்பதில்லை என்று ஒரு தீர்மானமும் செய்துகொள்ளலாம். செலவாவது அங்கத்தினர்களின் பங்குப் பணம். அது எதற்குச் செலவாகிறது என்பதை மூன்று எண்களால் அறிய முடியுமாயின், அறியாமல் செலவிடுதல் முறையன்று.