சிறுநீரக மாற்று மருத்துவ உயர்பயிற்சி

சிறுநீரக மாற்று மருத்துவ உயர்பயிற்சி என்பது, சிறுநீரகவியலில் தகுதி பெற்ற மருத்துவர் ஒருவர், மாற்றுச் சிறுநீரகம் பெறுவோரையும் அதனை வழங்கும் கொடையாளரையும் பேணுவதற்காக மேற்கொள்ளும் சிறப்புப் பயிற்சி ஆகும். இக்கட்டுரை ஐக்கிய அமெரிக்காவில் வழங்கப்படும் பயிற்சியை விளக்குகிறது.

வரலாறு

வெற்றி பெற்ற முதல் சிறுநீரக மாற்று அறுவை, 1954 டிசம்பர் 23 அன்று பாஸ்டன் நகரில் சோசப் மரே தலைமையில் நடந்தது. கொடுத்தவரும் பெற்றவரும் ஒரே கருமுட்டையில் உருவான இரட்டையர். ஆகையால் பெற்றவரின் உடல் புதிய உறுப்பை அயற்பொருளாகக் கருதவில்லை. அக்குழுவில் சிறுநீரக மருத்துவரான சான் மெரில் என்பவரும் இடம் பெற்றிருந்தார். மரேக்கு 1990இல் நோபல் பரிசு கிடைத்தது.

இரட்டையர் அல்லாதோரிடையே உறுப்பு மாற்றம் செய்ய, நோய் எதிர்ப்பாற்றலை ஒடுக்கும் மருந்துகள் தேவைப்பட்டன. 1960களில் அசாத்தியோப்பிரின் பயன்பாட்டுக்கு வந்தது. 1983இல் சைக்ளோசுப்போரின் மருந்துக்கு ஐக்கிய அமெரிக்கா ஒப்புதல் அளித்தது. மருந்துகள் பெருகியபோது, அறுவைக்குப் பிந்தைய நெடுங்காலக் கவனிப்பு தனித் துறையாக வளர்ந்தது.

பயிற்சிக்கான தகுதி

மருத்துவப் பட்டம் பெற்றவர் 3 ஆண்டுகள் பொது மருத்துவத்திலும், பின்னர் 2 ஆண்டுகள் சிறுநீரகவியலிலும் பயிற்சி பெறுகிறார். அதன் பின்னரே ஓராண்டு உயர்பயிற்சி தொடங்குகிறது. இதற்கான ஏற்பினை அமெரிக்க உறுப்பு மாற்றுக் கழகம் வழங்குகிறது. அறுவை மருத்துவர்களுக்கான பாதை வேறு. அவர்கள் பொது அறுவை மருத்துவப் பயிற்சியை முடித்து, மேலும் 2 ஆண்டுகள் உறுப்பு மாற்று அறுவையில் பயில்கின்றனர்.

கற்பவை

அறுவைக்கு முன், நோயாளி அதனைத் தாங்குவாரா என்று மதிப்பிட வேண்டும். கருவுறுதல், குருதி ஏற்றம், முந்தைய உறுப்பு மாற்றம் ஆகியவற்றால் சிலரது குருதியில் பிறர் திசுவுக்கு எதிரான எதிர்ப்பொருள்கள் உருவாகியிருக்கும். எனவே கொடையாளரின் உயிரணுக்களுடன் நோயாளியின் குருதிநீரைச் சேர்த்துச் செய்யும் பொருத்தச் சோதனையின் முடிவைப் படித்தறிதல் இன்றியமையாதது. இறந்தவரிடமிருந்து பெறும் சிறுநீரகத்தை ஏற்பதா என்ற முடிவையும் விரைந்து எடுக்க வேண்டும். அது பனிக்குளிரில் காத்திருக்கும் நேரம் நீளுந்தோறும், பொருத்திய உடனே இயங்கும் வாய்ப்பு குறையும்.

ஒரே அறிகுறி, எதிரெதிர் மருத்துவம்

இப்பயிற்சியின் அரிய பகுதி அறுவைக்குப் பின்னரே வருகிறது. குருதியில் கிரியாட்டினின் அளவு உயர்ந்தால், மாற்றுச் சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கலாம் என்று பொருள். காரணம் எதிர்ப்பாற்றல் அவ்வுறுப்பைத் தாக்குவதாக இருந்தால், ஒடுக்கி மருந்துகளைக் கூட்ட வேண்டும். பி.கே. என்னும் தீநுண்மியின் தொற்றாக இருந்தால் அவற்றைக் குறைக்க வேண்டும். மேலும், உறுப்பைக் காக்கத் தரப்படும் டாக்ரோலிமஸ் மருந்தே மிகுதியானால் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தவறான பக்கம் திரும்பினால் உறுப்பு அழியும். நோயாளி மீண்டும் டயாலிசிசுக்குச் செல்ல நேரிடும். ஆதலால் பயிற்சி பெறுவோர் ஊசி மூலம் சிறு திசுவை எடுக்கவும், அதன் நுண்ணோக்கிப் படிமங்களை நோயியலாளருடன் அமர்ந்து ஆராயவும் பழகுகின்றனர். திசு மாற்றங்களை வகைப்படுத்த, 1991இல் கனடாவின் பான்ஃப் நகரில் கூடிய அறிஞர்கள் தொடங்கிய முறை உலகெங்கும் பயன்படுகிறது.

கொடையாளர் நலன்

உயிருடன் உறுப்பளிப்பவர் நோயாளி அல்லர். அறுவையால் அவருக்கு உடல்நலப் பயன் ஏதுமில்லை. எனவே அவரது எஞ்சிய சிறுநீரகம் வாழ்நாள் முழுதும் போதுமா, அவர் எவருடைய வற்புறுத்தலுமின்றி முன்வந்தாரா என்பவற்றை ஆராய வேண்டும். கொடையாளரின் நலனை மட்டுமே காக்கத் தனியொருவர் அமர்த்தப்படுகிறார். கொடையாளர் எந்நிலையிலும் மனம் மாறி விலகலாம்.

சான்றிதழ்

ஐக்கிய அமெரிக்காவில் கல்லீரல் மாற்று மருத்துவத்துக்குத் தனிச் சான்றிதழ்த் தேர்வு உண்டு. சிறுநீரக மாற்று மருத்துவத்துக்கு அத்தகைய தேர்வு இல்லை. எனவே, ஏற்பு பெற்ற மையத்தில் ஓராண்டு பயின்றமையும், அங்குக் கவனித்த நோயாளிகளின் பதிவுகளுமே ஒருவரது தகுதிக்குச் சான்றாகின்றன.