வீட்டுக் குழந்தைக் காப்பகத்தில் திட்டமிடல்

வேலைக்குச் செல்லும் தாய், அண்டை வீட்டுப் பெண்மணியிடம் குழந்தையை ஒப்படைத்துச் செல்லும் வழக்கம் நம் நாட்டுக்குப் புதியதன்று. 1975 அக்டோபர் 2 அன்று 33 வட்டாரங்களில் தொடங்கப்பெற்ற ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சிப் பணித் திட்டம் நாடெங்கும் பரவிய பின்னரும் இவ்வழக்கம் மறையவில்லை. அங்கன்வாடி பெரும்பாலும் சில மணி நேரமே இயங்குகிறது. தாயின் வேலையோ மாலை வரை நீடிக்கிறது. அங்கன்வாடியுடன் காப்பகத்தையும் இணைக்கும் பால்னா திட்டம் 2022-இல் வகுக்கப்பட்டதற்கு இவ்விடைவெளியே காரணம் எனலாம்.

நான்கைந்து குழந்தைகளைத் தம் வீட்டில் பேணும் பெண்மணி, அவர்களுடைய நாளை எந்த அளவுக்குத் திட்டமிட வேண்டும்? குழந்தைகள் அழாமலும் விழாமலும் இருந்தால் போதும் என்பார் சிலர். பள்ளியைப்போல் மணிக்கொரு பாடம் வேண்டும் என்பார் வேறு சிலர். பெற்றோரில் பலர் விரும்புவதும் இதுவே. முதற்கருத்தின்படி நடந்தால் குழந்தையின் மூளை விரைந்து வளரும் ஆண்டுகள் வீணாகும். இரண்டாவதன்படி நடந்தால், பென்சில் பிடிக்க விரல் பழகாத குழந்தை எழுத்தைக் கண்டே அஞ்சும்.

மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தனியே பாடம் எதுவும் தேவையில்லை. சோறூட்டுகையில் பருப்பென்றும் நெய்யென்றும் பெயர் சொல்வதும், குளிப்பாட்டுகையில் கை கால்களைச் சுட்டிப் பேசுவதும், மழலைக்கு மறுமொழி கூறுவதுமே அதற்குரிய கல்வி. உணவு, உறக்கம், விளையாட்டு ஆகியவை நாள்தோறும் ஒரே வரிசையில் நிகழுமாறு பார்த்துக்கொள்வதே முதல் திட்டம். இதை ஒருமுறை வகுத்துவிட்டால் பல மாதங்களுக்குப் போதுமானது.

சிக்கல் எழுவது, வெவ்வேறு வயதினர் ஒரே கூடத்தில் இருக்கும்போதுதான். நான்கு வயதுச் சிறுமிக்குப் புளியங்கொட்டைகளை எண்ணி அடுக்குவது நல்ல விளையாட்டு. பத்து மாதக் குழந்தைக்கோ அதே கொட்டை தொண்டையில் அடைத்து உயிருக்கே கேடு விளைவிக்கலாம். ஆகவே கொட்டை விளையாட்டைச் சிறு குழந்தை உறங்கும் வேளையில் வைத்துக்கொண்டு, அது எழுமுன் கொட்டைகளை எண்ணி எடுத்து வைத்துவிட வேண்டும். சிறு குழந்தை விழித்திருக்கும் நேரத்திற்குப் பாட்டும் கதையும் பொருந்தும். திட்டமிடல் இன்றியமையாததாவது இத்தகைய இடங்களிலேயே. வாரத்திற்கு ஒருமுறை கால் மணி நேரம் அமர்ந்து, எந்தப் பொருளை எவ்வேளையில் எடுப்பது என்று எண்ணிப் பார்த்தால் இதற்குப் போதும்.

பொருளுக்கெனப் பெருஞ்செலவு செய்ய வேண்டியதுமில்லை. தாராபாய் மோடக், அனுதாய் வாக் ஆகிய இருவரும் 1945-இல் அன்றைய தாணா மாவட்டத்துப் போர்டியில் தொடங்கிய பாலர் கல்விப் பணியில், கூழாங்கல், இலை, விதை, கிளிஞ்சல் போன்றவையே கருவிகளாயின. ஏழை மக்களின் குடியிருப்பு முற்றங்களுக்கே சென்று அவர்கள் குழந்தைகளைக் கூட்டினர். அங்கு ஆயத்தம் என்பது ஏட்டில் எழுதுவதைக் காட்டிலும் பொருள்களைப் பொறுக்கிச் சேர்ப்பதாகவே இருந்திருக்கும் என்று கருத இடமுண்டு.

2024-இல் மத்திய அரசு, மூன்று வயதுக்குட்பட்டோருக்கு ‘நவசேதனா’ என்ற வழிகாட்டியையும், மூன்று முதல் ஆறு வயதினருக்கு ‘ஆதார்சிலா’ என்ற பாடத்திட்டத்தையும் வெளியிட்டது. முன்னதில் 140 செயல்பாடுகள் உள்ளன. பயனுள்ள களஞ்சியங்களே இவை. எனினும் சமையலையும் வீட்டையும் சேர்த்துக் கவனிக்கும் பெண்மணி இவை அனைத்தையும் வரிசையாக நிறைவேற்ற வேண்டுமென எதிர்பார்ப்பது முறையன்று. வாரத்திற்கு இரண்டு மூன்றைத் தேர்ந்து, குழந்தைகள் விரும்பினால் அவற்றையே மீண்டும் மீண்டும் செய்யலாம். பெரியோருக்குச் சலிப்பூட்டும் திரும்பச் செய்தல் குழந்தைக்கு இன்பமே.

பார்வையிட வரும் அதிகாரி முதலில் கேட்பது பதிவேட்டையே. அதிகாரிக்காக நிரப்பப்படும் பதிவேட்டினால் குழந்தைக்குப் பயன் விளைவது அரிது. மாலையில் ஒரு குறிப்பேட்டில் குழந்தைக்கு ஒரு வரியாக, ‘இன்று தானே எழுந்து நின்றான்’, ‘கதையில் யானை வந்ததும் அஞ்சினாள்’ என்று எழுதி வைத்தால், அடுத்த வாரத்திற்குரிய திட்டம் அதிலிருந்தே கிடைத்துவிடும். பார்வையிடுவோர் அக்குறிப்பேட்டைப் படித்துவிட்டு, அரைமணி நேரம் கூடத்தில் அமர்ந்து குழந்தைகளைக் கவனித்துச் செல்லலாம்.