மூக்கு ஸ்பிரே: அடிக்கும் முறையில்தான் பலன்

ஒவ்வாமையால் வரும் தும்மல், மூக்கொழுகல், அரிப்பு, மூக்கடைப்பு நான்கையும் ஒருசேரக் கட்டுப்படுத்துவது ஸ்டீராய்டு மூக்கு ஸ்பிரே. செடிரிசின் போன்ற மாத்திரைகள் தும்மலையும் அரிப்பையும் அடக்கும். அடைப்பை அவ்வளவாகக் குறைப்பதில்லை. ஆகவே அடைப்பு விடாமல் தொல்லை தருபவர்களுக்கு மருத்துவர்கள் ஸ்பிரேயை எழுதுகிறார்கள். ஃபுளூட்டிகசோன், மொமெட்டசோன், பியூடெசோனைடு ஆகியவை இவ்வகை மருந்துகள்.

பண்ருட்டிக்கும் நெல்லிக்குப்பத்துக்கும் நடுவிலுள்ள மேல்பட்டாம்பாக்கம் போன்ற ஊர்களில் மூக்குக்கு ஓய்வே இல்லை. மெத்தையிலும் தலையணையிலும் வாழும் கண்ணுக்குத் தெரியாத தூசி உண்ணிக்குக் கடலோர ஈரக்காற்று தோதானது. சாலையோரத்தில் பார்த்தீனியம் பூக்கிறது. நெல் அறுவடைத் தூசியும் கரும்புத் தோகை எரியும் புகையும் ஏற்கெனவே வீங்கிய மூக்கை மேலும் சீண்டுகின்றன. மார்கழிப் பனி மீது பழிபோடப்படும் தும்மலில் ஒரு பங்கு ஒவ்வாமைதான்.

ஸ்டீராய்டு, மூக்கின் உட்சவ்வுச் செல்களுக்குள் புகுந்து, அழற்சியைத் தூண்டும் பொருள்கள் உற்பத்தியாவதைக் குறைக்கிறது. இதற்கு நேரம் பிடிக்கும். அரை நாளுக்குள் ஓரளவு சுகம் தெரியலாம். முழுப்பலன் கிடைக்க 2 வாரம்கூட ஆகும். அடித்தவுடன் மூக்கு திறக்கவில்லை என்று மூன்றாம் நாளே நிறுத்திவிடுபவர்களுக்கு மருந்தின் பலன் கிட்டுவதே இல்லை.

நிமிடங்களில் அடைப்பை நீக்குவது சைலோமெட்டசோலின், ஆக்சிமெட்டசோலின் சொட்டு மருந்துகள். இவை ரத்தக்குழாய்களைச் சுருக்குபவை, ஸ்டீராய்டு அல்ல. சில நாள்களுக்கு மேல் தொடர்ந்தால், மருந்து தீர்ந்ததும் அடைப்பு முன்னைவிட மோசமாகத் திரும்பும்.

ஸ்பிரே அடிக்கும் முறை எளிது. முதலில் மூக்கைச் சிந்தவேண்டும். பாட்டிலைக் குலுக்கி, புதியதானால் சீரான தூவல் வரும்வரை காற்றில் அடித்துப் பார்க்கவேண்டும். தலையைச் சற்றே முன்னால் சாய்த்து, வலது துளைக்கு இடது கையாலும், இடது துளைக்கு வலது கையாலும் பிடித்தால் முனை தானாகவே வெளிப்பக்கம் திரும்பும். நடுச்சுவரில் மருந்து படக்கூடாது; பட்டால் புண்ணும் ரத்தக்கசிவும் வரலாம். மெதுவாக உறிஞ்சினால் போதும். பலமாக இழுத்தால் மருந்து தொண்டைக்குள் இறங்கிவிடும்.

ஃபுளூட்டிகசோன் ஒரு தூவலில் பொதுவாக 50 மைக்ரோகிராம் இருக்கும். பெரியவர்களுக்கு வழக்கமான தொடக்க அளவு, நாளுக்கு ஒருமுறை ஒவ்வொரு துளையிலும் 2 தூவல். அதில் ரத்தத்தில் கலப்பது மிகச் சொற்பம். ஆகவே ஸ்டீராய்டு மாத்திரைகளுக்குள்ள அச்சம் இதற்குப் பெரும்பாலும் பொருந்தாது. வறட்சி, எரிச்சல், மூக்கில் லேசான ரத்தம் ஆகியவையே அடிக்கடி வரும் தொல்லைகள். நெடுநாள் பயன்படுத்தும் குழந்தைகளுக்கு உயரத்தை அவ்வப்போது அளந்து, மிகக் குறைந்த அளவில் மருந்தைத் தொடரவேண்டும். கண் நீரழுத்தம் உள்ளவர்களும், எச்.ஐ.வி.க்கு ரிட்டோனவிர் சாப்பிடுபவர்களும் முன்கூட்டியே மருத்துவரிடம் சொல்லவேண்டும்.

ஒரு பக்கம் மட்டும் அடைப்பு, அடிக்கடி ரத்தம், நாற்றமடிக்கும் சளி, மூச்சிரைப்பு ஆகியவை இருந்தால் ஸ்பிரேயை மட்டும் நம்பக்கூடாது. காது மூக்கு தொண்டை மருத்துவரைப் பார்க்கவேண்டும். படுக்கை விரிப்புகளை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைப்பதும், அறுவடை வேலையில் முகக்கவசம் அணிவதும் மருந்தின் தேவையைக் குறைக்க உதவும்.