சரியான பதிலைத் தவறு என்று சொன்ன என் விளையாட்டு

புதிய மொழி ஒன்றைக் கற்க முதலில் தேவைப்படுவது சொற்கள்தான். இலக்கணம் கொஞ்சம் தடுமாறினாலும், கையில் சில நூறு சொற்கள் இருந்தால் பேசிச் சமாளித்து விடலாம். அலுவலகத்தில் ஸ்பானிஷ் பேசும் வாடிக்கையாளர்களுக்காக வேலை பார்க்க வேண்டி வந்தபோது நானும் சொற்களில் இருந்தே தொடங்கினேன். நோட்டில் எழுதி மனப்பாடம் செய்தவை அடுத்த வாரமே மறந்து போயின. சரி, புரோகிராம் எழுதத் தெரிந்தவன் தானே என்று எனக்காகவே ஒரு சிறிய சொல் விளையாட்டைத் தயாரித்தேன். அது எங்கே போய் எப்படி அடி வாங்கியது என்பதுதான் இந்தக் கட்டுரை.

ஐந்து பெட்டிகள்

படித்தவை முதலில் மிக வேகமாகவும், பிறகு மெதுவாகவும் மறக்கின்றன என்பதை ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்மன் எபிங்ஹாஸ் 1885-ல் வெளியிட்டார். மறக்கப் போகும் நேரம் பார்த்து மீண்டும் நினைவுபடுத்தினால் அந்தச் சொல் மனதில் தங்கிவிடும். இதற்கு அட்டைகளையும் பெட்டிகளையும் வைத்து எளிய வழி ஒன்றை 1972-ல் தன் புத்தகத்தில் சொன்னார் செபாஸ்டியன் லைட்னர்.

என் விளையாட்டிலும் ஐந்து பெட்டிகள் உண்டு. புதிய சொற்கள் எல்லாம் முதல் பெட்டியில் இருக்கும். சரியாகச் சொன்னால் சொல் அடுத்த பெட்டிக்குப் போகும். தவறினால், எந்தப் பெட்டியில் இருந்தாலும் முதல் பெட்டிக்கே திரும்பிவிடும். முதல் பெட்டிச் சொற்கள் தினமும், இரண்டாவது பெட்டிச் சொற்கள் இரண்டு நாட்களுக்கு ஒரு முறை, பிறகு நான்கு, எட்டு, பதினாறு நாட்களுக்கு ஒரு முறை கேட்கப்படும்.

2006 முதல் கிடைக்கும் ஆங்கி என்ற ஓப்பன் சோர்ஸ் சாப்ட்வேரும் இதே போன்ற தத்துவத்தில் இயங்குவதுதான். அதில் வழக்கமாக விடையை மனதில் நினைத்து, சரியா தவறா என்று நாமே சொல்ல வேண்டும். எனக்கோ டைப் செய்து, புள்ளிகள் சேர்த்து விளையாட வேண்டும். அதனால் ஹெச்.டி.எம்.எல்., ஜாவா ஸ்கிரிப்ட் கொண்டு எழுதினேன். ஒரே போல்டர், பிரவுசரில் திறந்தால் போதும், இன்டர்நெட் தேவையில்லை. பிரவுசரைத் தேர்ந்தெடுக்க இன்னொரு காரணமும் உண்டு. சில விளையாட்டுக் கருவிகள் 'கெ', 'கொ' போன்ற எழுத்துகளில் கொம்பை இடம் மாற்றிக் காட்டிவிடும். பிரவுசரில் அந்தத் தொல்லை இல்லை.

திருச்சுழியில் நடந்தது

பொங்கல் விடுமுறைக்கு அருப்புக்கோட்டை வந்தவன், திருச்சுழிப் பக்கம் கிராமத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போனேன். அக்கா மகள் ஆறாம் வகுப்பு படிக்கிறாள். ஆங்கிலம் என்றாலே பயம். ஸ்பானிஷ் சொற்களை எடுத்துவிட்டு ஆங்கிலச் சொற்களைப் போட்டு என் பழைய லேப்டாப்பை அவளிடம் கொடுத்தேன். ஆங்கிலச் சொல் திரையில் வரும். தமிழில் அர்த்தத்தை டைப் செய்ய வேண்டும்.

பத்து நிமிடம் நன்றாகப் போனது. பிறகு பேச்சே இல்லை. எட்டிப் பார்த்தால் லேப்டாப்பை மூடி வைத்திருந்தாள். "எனக்கு இங்கிலீஷ் வராது மாமா" என்றாள்.

அவளுடைய விடைகளை விளையாட்டு ஒரு பைலில் சேமித்து வைக்கும். திறந்து பார்த்தேன். 'ஹென்' என்பதற்குக் 'கோழி' என்று டைப் செய்திருக்கிறாள். தவறு. 'லேக்' என்பதற்குக் 'கண்மாய்'. தவறு. 'கொரியாண்டர்' என்பதற்கு 'மல்லி'. தவறு. மூன்றும் அவளுக்குத் தெரிந்த சொற்கள். மூன்றையும் முதல் பெட்டிக்குத் தள்ளி, தெரியாது என்று அவளை நம்ப வைத்தது என் புரோகிராம்.

முதல் பிழை: கோழி

என் பட்டியலிலும் 'கோழி' என்றுதான் இருந்தது. பிறகு ஏன் தவறு? யூனிகோடில் 'கோ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம். 'க' என்ற எழுத்துடன் 'ோ' என்ற ஒரே குறியீடு; அல்லது 'க' என்ற எழுத்துடன் 'ே', 'ா' என்ற இரண்டு குறியீடுகள். திரையில் இரண்டும் ஒன்று போலவே தெரியும். கம்ப்யூட்டருக்கோ முதலாவது 'கோழி'யில் நான்கு குறியீடுகள், இரண்டாவதில் ஐந்து. பழைய எழுத்துருவில் இருந்து யூனிகோடுக்கு மாற்றிய என் பட்டியலில் இரண்டாவது வகை இருந்தது. அவள் டைப் செய்தது முதல் வகை.

ஒப்பிடும் முன் இரண்டு சொற்களையும் யூனிகோடின் என்.எஃப்.சி. வடிவத்துக்கு மாற்றினால் பிரச்னை தீர்ந்தது. ஒரே வரிதான். வெட்கம் என்னவென்றால், மேலே கோடு போட்ட ஸ்பானிஷ் எழுத்துகளுக்கு இந்த வரியை ஏற்கனவே எழுதியிருந்தேன். தமிழுக்கு எழுதத் தோன்றவில்லை.

இதே போல எழுத்தை எண்ணுவதிலும் கவனம் தேவை. 'அருப்புக்கோட்டை' என்பதில் நமக்கு எட்டு எழுத்துகள். ஜாவா ஸ்கிரிப்ட் பதினைந்து என்று சொல்லும். கோடிட்ட இடங்களை நிரப்பும் ஆட்டத்தில் இது குழப்பும். பைத்தானில் எழுதுபவர்களுக்கு 'ஓப்பன் தமிழ்' என்ற இலவச நிரல் தொகுப்பு சொல்லைச் சரியான எழுத்துகளாகப் பிரித்துத் தருகிறது. என் சொற்பட்டியலை இப்போது அதில்தான் தயாரிக்கிறேன்.

இரண்டாவது பிழை: கண்மாய்

இதற்கு எந்த நிரலும் உதவாது. அகராதியைப் பார்த்து 'ஏரி' என்று மட்டும் எழுதியவன் நான். "எங்க ஊர்ல ஏது மாமா ஏரி? கம்மாய்தான இருக்கு" என்று அவள் கேட்டபோது பதில் இல்லை. நானும் அதே கரிசல் காட்டில், அதே கண்மாய்க் கரையில் வளர்ந்தவன்தான். கொத்தமல்லியை இங்கே மல்லி என்றுதான் சொல்கிறோம். இந்தக் கரிசல் சொற்களுக்கென்றே கி.ராஜநாராயணன் ஓர் அகராதி தொகுத்திருக்கிறார் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் புரோகிராம் எழுத உட்கார்ந்ததும் ஊர் மறந்துவிட்டது.

இப்போது சொற்பட்டியல் சாதாரண டெக்ஸ்ட் பைல். ஒரு வரியில் ஒரு சொல், ஒரு டேப் இடைவெளி, பிறகு சரியான விடைகள் எல்லாம் அரைப்புள்ளி இட்டு: ஏரி, கண்மாய், கம்மாய். நோட்பேட் தெரிந்த யாரும் திருத்தலாம். சேமிக்கும்போது மட்டும் யு.டி.எஃப்.-8 என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். விளையாட்டில் 'என் விடையும் சரி' என்று ஒரு பட்டன் வைத்திருக்கிறேன். அதை அழுத்தினால் சொல் முதல் பெட்டிக்குத் திரும்பாது. விடை தனி பைலுக்குப் போகும். பெரியவர் ஒருவர் பார்த்துப் பட்டியலில் சேர்க்கலாம்.

ஏன் ஓப்பன் சோர்ஸ்?

இலவசமாகக் கொடுப்பது மட்டும் போதாது என்று அன்றுதான் புரிந்தது. பூட்டிய புரோகிராமை இலவசமாகவே கொடுத்தாலும் அது கண்மாயைத் தவறு என்று சொல்லிக்கொண்டேதான் இருக்கும். அதனால் ஜி.பி.எல். உரிமத்தில் மூல நிரலோடு கொடுக்கிறேன். யாரும் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், மாற்றலாம், மற்றவர்களுக்கும் தரலாம். மாற்றியதை வெளியிட்டால் அதையும் அதே உரிமத்தில் தர வேண்டும். தஞ்சாவூர்க்காரர் தன் ஊர்ச் சொல்லைச் சேர்க்கட்டும். யாழ்ப்பாணத்துக்காரர் தன்னுடையதைச் சேர்க்கட்டும்.

நீங்களும் இது போல ஒன்று தயாரிப்பதானால், முடித்ததும் ஒரு சிறுவனிடமோ சிறுமியிடமோ கொடுத்துவிட்டு, வாயைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். நான் அக்கா வீட்டில் செய்யத் தவறியது அதைத்தான்.

திருத்திய பதிப்பை மறுநாள் அக்கா மகளிடம் கொடுத்தேன். முதலில் தயங்கினாள். 'லேக்' வந்தது. 'கம்மாய்' என்று டைப் செய்துவிட்டு, என்டர் கீயை அழுத்தும் முன் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பச்சை விளக்கு எரிந்தது. இப்போது ஸ்பானிஷ் பட்டியலையும் அவளே திறந்து விளையாடுகிறாள். அதில் 'லாகோ' என்றால் கண்மாய்.